பேச்சாளர் பட்டியலில் பெண்கள்: அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் என்ன செய்யலாம்?

நிரல்நேசன் (கோயம்புத்தூர்) | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். மென்பொருள் எழுதுபவர்களுக்காக எங்கள் ஊரில் இரண்டு நாள் மாநாடு நடத்தும் குழுவில் இருக்கிறேன். பேச்சாளர் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதில் பெண்கள் இருவர். ஒருவர் உரை நிகழ்த்துகிறார், இன்னொருவர் தொகுத்து வழங்குகிறார்.

குழுக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். "விண்ணப்பம் போட்டவர்களே ஆண்கள்தான். வராதவர்களை எங்கே போய்த் தேடுவது?" என்றார்கள். இன்னொரு நண்பர் வழி ஒன்று சொன்னார்: இரண்டாம் நாள் மதியம் 'தொழில்நுட்பத்தில் பெண்கள்' என்று முக்கால் மணி நேரக் கலந்துரையாடலைச் சேர்த்து, நான்கு பெண்களை மேடையேற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடுமாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லத்தான் வரவில்லை.

மாநாடு நடத்தியவர்கள், பேசியவர்கள், பேச மறுத்தவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். அறிவுரையைவிட நடைமுறை வேண்டும்.

மணிமுத்தாறு (திருநெல்வேலி) | வெள்ளி, இரவு 10:05

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மென்பொருள் எனக்குத் தெரியாது. அழைப்பிதழ் நன்றாகத் தெரியும்.

ஏதேனும் ஒரு கருத்தரங்க அழைப்பிதழை எடுத்து மேலிருந்து கீழே படியுங்கள். தலைமை, முன்னிலை, தொடக்கவுரை, மையவுரை, சிறப்புரை, வாழ்த்துரை. அவ்வளவும் ஆண் பெயர்களாகவே இறங்கி வரும். பெண் பெயர் முதலில் தென்படும் இடம் வரவேற்புரை. அடுத்தது தொகுப்புரை, அதற்கும் அடுத்தது நன்றியுரை. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது மாணவியர். குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தியைப் பற்றவைத்து நீட்டுவது மாணவி. சந்தனமும் கற்கண்டும் தட்டில் ஏந்தி வாசலில் நிற்பதும் மாணவியரே. தலைகளை எண்ணினால் விழாவில் பாதிப் பேர் பெண்கள். நன்றியுரை தொடங்கும்போது முன்வரிசையே பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடும் என்பது வேறு கதை.

ஆகவே தம்பி, பெயரை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். உங்கள் கணக்கில் தொகுத்து வழங்குபவரையும் சேர்த்து இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே இருக்கிறது விஷயம். உங்கள் இரண்டு நாளில் உரைக்கான நேரம் மொத்தம் எத்தனை நிமிடம், அதில் ஒரு பெண் தன் துறையைப் பற்றிப் பேசும் நிமிடம் எத்தனை? அந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்தில் மேசையில் வையுங்கள்.

எட்டுக்கால்பூச்சி (சென்னை) | வெள்ளி, இரவு 11:31

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதற்கு முன் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கி வருபவன் உரையைக் கேட்க வருகிறான். பேசுபவர் ஆணா பெண்ணா என்பது அவனுக்கு எதற்கு? நல்ல உரை எது என்று பார்த்து எடுங்கள், அது போதும். துறையில் பெண்கள் குறைவு என்றால் மேடையிலும் குறைவாகத்தான் இருப்பார்கள். ஐந்து பேர் கொண்ட மேடையில் ஐந்து பேரும் ஆண்களாக அமைவது தற்செயலாகவும் நடக்கும். அதற்குச் சதி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

பகாஎண் (திருச்சி) | சனி, காலை 6:48

எட்டுக்கால்பூச்சி சொன்னதில் பாதி சரி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

துறையில் நான்கில் ஒருவர் பெண் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பேரை எடுத்தால், ஐவரும் ஆண்களாக அமையும் வாய்ப்பு 24 சதவீதம். ஆகவே ஒரே ஒரு மேடையைப் படம் பிடித்து "பார்த்தீர்களா" என்று கேட்பது வலுவான வாதம் ஆகாது. ஆனால் இருபது பேரை எடுத்து இருபதும் ஆண்களாக இருந்தால்? வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஒரு அமர்வைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம், முழு மாநாட்டைச் சொல்ல முடியாது.

என் துறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் சர்வதேசக் கணித மாநாடு, 2014இல் சியோலில் நடந்தது. வந்தவர்கள் அனைவரும் கூடிக் கேட்கும் பொது அரங்கில் பேச அழைக்கப்பட்டவர்கள் 20 பேர், அதில் பெண் ஒருவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் மார்ட்டின் இதைக் கணக்கிட்டு எழுதினார். தகுதியுள்ள கணிதவியலாளர்களில் பெண்கள் 24 சதவீதம் என்று கொண்டால், இருபதில் ஒருவரோ அதற்கும் குறைவோ தற்செயலாக அமைய வாய்ப்பு ஏறக்குறைய 3 சதவீதம். பெண்கள் தங்கள் விகிதத்தைவிட அதிகமாக இடம்பெறும் வாய்ப்பு அதைப்போல 18 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, மரியம் மிர்சாகானிக்கு, வழங்கப்பட்டதும் அதே மாநாட்டில்தான்.

பழைய வரலாறு இதைவிட மோசம். 1932இல் சூரிச்சில் எம்மி நோதர் பொது அரங்கில் பேசினார். அடுத்த பெண் கேரன் உலென்பெக், 1990இல், கியோட்டோவில். இடையில் 58 ஆண்டுகள்! 2010இல் ஹைதராபாத்தில் அந்த அரங்கில் பேசியவர்களில் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த பரிமளாவும் ஒருவர். அந்தப் பெயரை என் வகுப்பில் சொன்னால் மாணவியரே "யார் சார் அவர்?" என்று கேட்கிறார்கள்.

சுடர்க்கொடி (பெங்களூரு) | சனி, காலை 9:20

பேச மறுத்தவர்களையும் கேட்டிருக்கிறீர்கள். நான் பலமுறை மறுத்திருக்கிறேன்.

அழைப்பு வரும் விதத்தைச் சொல்கிறேன். போஸ்டர் அடுத்த நாள் வெளியாக வேண்டும். அன்று மாலை ஒருவர் அழைக்கிறார். "மேடம், பட்டியலில் பெண் பேச்சாளர் யாரும் இல்லை, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்" என்கிறார். என் வேலை தரவுத்தளம். பெரிய அட்டவணைகளில் தேடல் ஏன் மெதுவாகிறது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் ஆண்டுக்கணக்காக நான் செய்துவருவது. அதைப் பேசட்டுமா என்று கேட்டால், "அதற்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நீங்கள் வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேசுங்கள்" என்று பதில். தரவுத்தளத்தைப் பற்றிப் பேசவிருந்தவருக்கும் வீடு இருக்கிறது, இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

நிரல்நேசன், உங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அந்த நான்கு பெண்களும் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால், அந்த வேலையைப் பற்றியே தனித்தனி உரை கொடுங்கள். தெரியாது என்றால் எதற்காக அழைக்கிறார்?

மறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. காலை ஒன்பது மணி உரைக்கு முந்தைய இரவே பஸ் ஏற வேண்டும், தங்குமிடம் யார் பொறுப்பு என்று கடைசி வரை தெரியாது. நிறுவனத்தில் மேல்மட்டத்தில் பெண்கள் சிலரே என்பதால், எல்லா மாநாட்டுக்காரர்களும் அதே சிலரைத்தான் அழைக்கிறார்கள். ஒரு மாதத்தில் எத்தனை சனிக்கிழமைகளை விட்டுக்கொடுப்பது?

இது என் ஒருத்தியின் கதை அன்று. ஐரோப்பியப் பரிணாம உயிரியல் சங்கத்தின் 2011 மாநாட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். அழைப்புப் பெற்ற பெண்களில் 50 சதவீதத்தினர் மறுத்தார்கள், ஆண்களில் 26 சதவீதத்தினர்.

எட்டுக்கால்பூச்சி (சென்னை) | சனி, காலை 9:44

ஆக, அழைத்தாலும் வருவதில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நடத்துபவர்கள் மேல் பழி போடுவது எப்படி நியாயம்?

சுடர்க்கொடி (பெங்களூரு) | சனி, காலை 10:02

அதே ஆய்வின் மற்ற எண்களையும் படியுங்கள். தாங்களாக விண்ணப்பித்து வாய்மொழி உரை நிகழ்த்தியவர்களில் பெண்கள் 41 சதவீதம். அழைப்பின் பேரில் அமர்வுகளில் பேசியவர்களில் 15 சதவீதம். மறுத்தவர்களையும் சேர்த்து, அழைக்கப்பட்டவர்களின் முழுப் பட்டியலை எடுத்தாலும் 23 சதவீதம்தான். மறுப்பது ஒரு காரணம். அழைக்காமலே விடுவதும் அதே ஆய்வில் இருக்கிறது. அழைப்பு மூத்தவர்களுக்கே போகிறது, மூத்த நிலையில் பெண்கள் குறைவு என்று அவர்களே விளக்கமும் தருகிறார்கள். அப்படியானால் ஏன் மூத்தவர்களை மட்டுமே அழைக்க வேண்டும்? புதிய வேலையைச் செய்பவர் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்தானே?

கடல்தாண்டி (நியூ ஜெர்சி) | சனி, மாலை 5:15

நடைமுறை கேட்டவருக்கு ஒரு எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் பைத்தான் நிரல்மொழி மாநாடு, பைகான். பெண்கள் நிகழ்த்திய உரைகள் 2011இல் 1 சதவீதம், 2012இல் 7, 2013இல் 15, 2014இலும் 2015இலும் 33, 2016இல் 40. இந்த எண்களை வெளியிட்டவர், பலதரப்பட்டவர்களையும் அங்கே பங்கேற்க வைக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஜெசிக்கா மெக்கெல்லர்.

ஐந்தே ஆண்டுகளில் பைத்தான் எழுதும் பெண்கள் நாற்பது மடங்காகப் பெருகிவிடவில்லை. மாறியது விண்ணப்பம் வரும் வழி. "எல்லோரும் விண்ணப்பிக்கலாம்" என்று இணையதளத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல், மாதக்கணக்கில் முன்னதாகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்கள். "உங்களுடைய இந்த வேலையைப் பார்த்தேன், இதைப் பற்றி ஒரு உரைக்கு விண்ணப்பியுங்கள்" என்கிற மாதிரி. சுருக்கத்தை எழுத உதவி செய்தார்கள். பயணத்துக்கு நிதியுதவி இருந்தது, பிற்பாடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது.

முதல் சுற்று மதிப்பீட்டில் பெயரை மறைப்பதும் உண்டு. அதையே மந்திரமாகப் பலர் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை. வந்த நூறு விண்ணப்பங்களில் மூன்றுதான் பெண்களுடையது என்றால் பெயரை மறைத்து என்ன பயன்? முதலில் விண்ணப்பம் வர வேண்டும். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க விழாவிலும் இதைப் பார்க்கிறேன். பேச ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வழக்கமான அதே நால்வர் கை தூக்குவார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் ஐந்தாவது ஆள் கிடைக்கிறார்.

எட்டுக்கால்பூச்சி (சென்னை) | சனி, இரவு 8:37

பைகான் எண்கள் வியப்பாகத்தான் இருக்கின்றன. தனித்தனியாக எழுதி விண்ணப்பிக்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, யார் தகுதியையும் அது குறைக்கவில்லை. என் பயம் எண்ணிக்கையைக் குறிக்கோளாக வைப்பதில். எண்ணைக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெவ்டெர்னிட்டியைப் பாருங்கள். லாட்வியாவைச் சேர்ந்த அந்த மாநாட்டின் இணையதளத்தில் இருந்த பெண் பேச்சாளர் ஒருவர் உலகத்திலேயே இல்லை என்று 2023 நவம்பரில் கெர்கெலி ஓரோஸ் என்ற எழுத்தாளர் அம்பலப்படுத்தினார். படம், பதவி, நிறுவனப் பெயர் எல்லாம் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. சோதனைக்காக உருவாக்கிய அந்தப் பக்கம், மாற்றுப் பேச்சாளர் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று விட்டுவைத்ததாக விளக்கம் வந்தது. பேச்சாளர்கள் வரிசையாக விலக, மாநாடே ரத்தானது.

நாடித்துடிப்பு (மதுரை) | ஞாயிறு, காலை 7:30

மருத்துவர். எட்டுக்கால்பூச்சி சார், பொய்ப் பெயரை உருவாக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் உண்மையான ஒருவரை அழைத்திருக்கலாமே! அது எண்ணிக்கையின் குற்றமாக எனக்குத் தெரியவில்லை.

யாரைப் பேச அழைப்பது என்று முடிவு செய்பவர் யார் என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் கூட்டங்களில் 460 அமர்வுகளையும் 1,845 பேச்சாளர்களையும் எடுத்து அர்துரோ காசடெவாலும் ஜோ ஹேண்டல்ஸ்மனும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமர்வை ஒருங்கிணைத்தவர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தபோது பேச்சாளர்களில் பெண்கள் 25 சதவீதம். ஒருங்கிணைப்பாளர்களில் ஒரு பெண்ணாவது இருந்தபோது 43 சதவீதம். அது காரணமா, உடன் நிகழ்வா என்று அந்த எண் மட்டும் தீர்த்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் செலவே இல்லாத வைத்தியம், முயன்று பார்ப்பதில் என்ன நட்டம்?

எங்கள் மருத்துவக் கூட்டங்களில் பார்ப்பதைச் சொல்கிறேன். அமர்வுத் தலைவர் தன் கல்லூரி நண்பரை அழைப்பார், நண்பர் அடுத்த ஆண்டு இவரை அழைப்பார். மொய் வைத்த வீட்டுக்குத் திரும்ப மொய் வைப்பது போலத்தான். அந்த நோட்டில் பெண்களின் பெயர் ஏறவே இல்லை, பிறகு எங்கிருந்து அழைப்பு வரும்? மகப்பேறு மருத்துவக் கூட்டத்தில் அரங்கு நிறையப் பெண் மருத்துவர்கள் உட்கார்ந்திருக்க, மேடையில் வரிசையாக ஆண்கள் அமர்ந்து பிரசவத்தைப் பற்றிப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அதுதான் விசித்திரம்.

மேலிருந்து அழுத்தம் வந்தால் மாறும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ், எல்லோருக்கும் இடம் தருவதில் அக்கறை தெரியாத நிகழ்ச்சி நிரல் என்றால் தாம் பேச வர மாட்டேன் என்று 2019 ஜூனில் அறிவித்தார். பெரிய பெயர்க்காரர் ஒருவர் "மற்ற பேச்சாளர்கள் யார்?" என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்வார் என்றால், நடத்துபவர்கள் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே இருக்கும் ஆண்களில் மாநாடுகளுக்கு அடிக்கடி அழைக்கப்படுபவர்கள் இதைச் செய்யலாம்.

மணிமுத்தாறு (திருநெல்வேலி) | ஞாயிறு, காலை 8:11

மருத்துவரம்மா, மொய் நோட்டு எங்கள் தமிழ்த் துறைகளிலும் அப்படியே இருக்கிறது. புறத்தேர்வாளராக யாரை அழைக்கிறோமோ அவரே அடுத்த கருத்தரங்கின் சிறப்புரையாளர்.

கூடல்மழை (புதுச்சேரி) | ஞாயிறு, பகல் 12:26

ஆய்வு மாணவி. மேடையைப் பற்றியே பேசுகிறீர்கள், கேள்வி நேரத்தையும் கவனிக்க வேண்டும். 10 நாடுகளில் சுமார் 250 ஆய்வுக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அரங்கில் ஆண்களும் பெண்களும் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், கேள்வி ஆணிடமிருந்து வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. முதல் கேள்வியை ஆண் கேட்டால், அதற்குப் பின் பெண்கள் கேட்பது மேலும் குறைந்தது.

எங்கள் அரங்குகளில் முதல் கேள்வி என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. முன்வரிசைப் பெரியவர் எழுந்து "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்கி, தம் மாணவப் பருவம் வரை போய் வருவார். மணி அடித்துவிடும். தலைவராக இருப்பவர் முதல் கேள்வியை ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ கொடுத்துவிட்டால் அதன்பின் கைகள் தானாகத் தூக்கப்படுகின்றன. என் நெறியாளர் அமர்வுத் தலைவராக இருக்கும்போது அப்படித்தான் செய்கிறார், வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று அரங்கில் எழுந்து கேட்பவரின் பெயர்தானே நாளை யாருடைய நினைவுக்காவது வரும்?

களநிர்வாகி | ஞாயிறு, பகல் 1:40

பெண் பேச்சாளர்களின் உடை, தோற்றம் பற்றிய ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. இழை தொடரலாம்.

கடல்தாண்டி (நியூ ஜெர்சி) | ஞாயிறு, மாலை 6:02

நீக்கப்பட்ட பதிவை நான் படித்துவிட்டேன். 'ஏன் விண்ணப்பிப்பதில்லை' என்று கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு பதில்.

கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். பின்லாந்தைச் சேர்ந்த சாரா சார்மா என்ற ஆய்வாளர் 2015இல் ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் மேடைப் படத்தை யாராவது அனுப்பினால், அதன் ஓரத்தில் கட்டைவிரலை உயர்த்திக்காட்டும் நடிகர் டேவிட் ஹாசல்ஹாஃப் முகத்தை ஒட்டி, "வாழ்த்துகள், உங்கள் மேடையில் எல்லோரும் ஆண்கள்" என்று வெளியிடுவார். வைதால் சண்டைக்கு வருவார்கள், வாழ்த்தினால் என்ன செய்வார்கள்?

நிரல்நேசன் (கோயம்புத்தூர்) | ஞாயிறு, இரவு 9:50

இன்று மாலை குழு கூடியது. ஐயா சொன்னபடி நிமிடக் கணக்கைத் தாளில் எழுதி வைத்தேன். யாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

'தொழில்நுட்பத்தில் பெண்கள்' கலந்துரையாடல் கைவிடப்பட்டது. சுடர்க்கொடி கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். நான்கு பெண்களில் இருவர் என்ன வேலை செய்கிறார்கள் என்று நண்பருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் இணையப் பாதுகாப்பு, இன்னொருவர் நெசவாலைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள். இருவருக்கும் தனி உரைக்கு அழைப்பு அனுப்புகிறோம். இரண்டாமவரின் தலைப்புக்கு எங்கள் ஊரில் கூட்டம் அலைமோதும், இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது குழுவின் வேலை.

பட்டியலை மூடும் தேதி தள்ளிப்போகிறது. தேர்வுக் குழுவில் இரண்டு பெண்கள் சேர்கிறார்கள். தொகுத்து வழங்கும் தோழி அதில் ஒருவர், அவர் தொகுப்பை விட்டுவிடுகிறார். பயணப்படியும் தங்குமிடமும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதப்படும், ஆண் பேச்சாளர்களுக்கும் அப்படியே. மறுப்பவரிடம் "உங்களுக்குத் தெரிந்த வேறு இருவரைச் சொல்லுங்கள்" என்று கேட்போம்.

எண்ணிக்கைக் குறிக்கோள் வைப்பதில் ஒருமித்த முடிவு வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்றேன். குழுவில் பாதிப் பேர் எட்டுக்கால்பூச்சியின் கட்சி.

எட்டுக்கால்பூச்சி (சென்னை) | ஞாயிறு, இரவு 10:08

கட்சி மாறவில்லை. நெசவாலை உரைக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறேன்.

சுடர்க்கொடி (பெங்களூரு) | ஞாயிறு, இரவு 10:33

ஒரு சின்ன விஷயம், எந்த ஆய்விலும் இதைப் படித்ததில்லை. மைக். சட்டைக் காலரில் கிளிப் மாட்டி, பெட்டியை இடுப்பு பெல்ட்டில் செருகுகிற மாதிரியே எல்லா அரங்கிலும் வைத்திருக்கிறார்கள். புடவைக்கும் சுடிதாருக்கும் காலரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மேடை ஏறும் முன் ஒலியமைப்புக்காரர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார், நான் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டே முழு உரையையும் முடித்திருக்கிறேன். கையில் பிடிக்கும் மைக் ஒன்றும், உயரத்தைக் குறைக்கக்கூடிய மைக் ஸ்டாண்ட் ஒன்றும் வாடகைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நிரல்நேசன் (கோயம்புத்தூர்) | ஞாயிறு, இரவு 10:41

சேர்த்துவிட்டேன். உங்களுக்கும் அழைப்பு வருகிறது, தரவுத்தளத்தைப் பற்றிப் பேச. முதல் நாள் காலை பதினொரு மணி, நாற்பது நிமிடம். ஒப்புதலா?

சுடர்க்கொடி (பெங்களூரு) | ஞாயிறு, இரவு 10:58

தேதியைச் சொல்லுங்கள், நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன். முடியாவிட்டால் இரண்டு பெயர் தருகிறேன்.